பாறை மண்ணாகும் வரலாறு

தக்காணத்தின் மேட்டு நிலங்கள் பலவற்றில் ஒரு சாண் ஆழம் தோண்டியவுடன் முரம்பு தென்படும். இன்னும் சிறிது தோண்டினால் மண்வெட்டி பாறையில் பட்டு ஒலிக்கும். மேலே உள்ள அந்த ஒரு சாண் மண்ணே பயிருக்கு நிற்க இடமும், பருக நீரும், உண்ண உணவும் அளிக்கிறது. அந்த மண் எங்கிருந்து வந்தது? எத்தனை காலத்தில் வந்தது? ஓரிடத்தில் சிவப்பாகவும் மற்றோரிடத்தில் கறுப்பாகவும் இருப்பதேன்? மழையில் கரைந்து போய்விட்டால் அது மீண்டும் உண்டாகுமா? இவ்வினாக்களுக்கு விடை தெரிந்தவரே எந்த நிலத்துக்கு எந்த வகைப் பாதுகாப்புப் பொருந்தும் என்பதைச் சரியாகக் கூற இயலும். ஆதலின் பாறை மண்ணாகும் வரலாறு வகுப்பறைக்குரிய பாடம் மட்டுமன்று, வயலுக்குரிய பாடமுமாகும்.

சிதைவும் அரிப்பும்

பாறை மண்ணாவதில் இரண்டு வேறுபட்ட செயல்கள் உள்ளன. பாறை தான் இருக்கும் இடத்திலேயே உடைந்தும், இளகியும், வேறு பொருளாக மாறியும் போவதைச் சிதைவு என்பர். சிதைந்த பொருளை நீரோ, காற்றோ, பனிக்கட்டியாறோ ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்வதை அரிப்பு என்பர். சிதைவு மண்ணை ஆக்குகிறது. அரிப்பு அதனை இடம் பெயர்க்கிறது. சிதைவின் வேகம் அரிப்பின் வேகத்தைவிட மிகுந்திருக்கும் இடத்தில் மண் ஆழமாகத் திரள்கிறது. அரிப்பின் வேகம் மிகுந்த இடத்தில் பாறை வெறுமையாக நிற்கிறது. ஒரு குன்றின் உச்சியில் மொட்டைப் பாறையும், சரிவில் கல்லும் மண்ணும் கலந்த நிலமும், அடிவாரத்தில் ஆழ்ந்த மண்ணும் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

பாறை உடைவது

சிதைவின் முதற்படி பெரும்பாலும் பௌதிக முறையில் நிகழ்கிறது. பூமிக்குள் ஆழத்தில் பெரும் பாரத்தின் கீழ் இறுகிய கருங்கல், மேலிருந்த பாறைகள் காலப்போக்கில் நீங்கிய பின் பாரம் குறைந்து விரிவடைகிறது. அப்போது மேற்பரப்புக்கு இணையாக விரிசல்கள் தோன்றிப் பாறை தகடு தகடாகப் பிரிகிறது. கர்நாடகத்தில் சாவன்துர்க்கம் போன்ற மொட்டைக் குன்றுகள் மொழுமொழுவென உருண்டு நிற்பது இத்தகைய உரிதலினாலேயே.

பகலில் வெயிலால் விரிவதும் இரவில் குளிர்ந்து சுருங்குவதும் பாறையை உடைக்கின்றன என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டு வரும் கருத்து. 1936-ஆம் ஆண்டில் டேவிட் கிரிக்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி இதனைச் சோதித்தார். மெருகிட்ட கருங்கல் துண்டு ஒன்றைப் பல்லாயிரம் முறை சூடாக்கி உலர்ந்த காற்றில் குளிரச் செய்தார். இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட பகலிரவு மாறுதலுக்குச் சமமான அச்சோதனையில் கல்லில் மாறுதல் ஏதும் காணப்படவில்லை. ஆனால் நீர் தெளித்துக் குளிரச் செய்தபோது, மிகக் குறைந்த காலத்திலேயே கல்லின் மெருகு மங்கி விரிசல்கள் தோன்றின. வெப்ப மாறுதல் பாறையைத் தளர்த்துகிறது என்பது உண்மையே. எனினும் நீர் துணை நிற்கும்போதுதான் அதன் வலிமை பன்மடங்காகிறது.

லடாக், ஸ்பிதி போன்ற இமயமலைப் பகுதிகளில் நீர் வேறொரு வகையில் செயற்படுகிறது. நீர் உறையும்போது அதன் பரும அளவு ஏறத்தாழ 9 சதவிகிதம் பெருகும். பாறை இடுக்கில் புகுந்த நீர் இரவில் உறைந்து ஆப்புப் போல் இடுக்கைப் பிளக்கிறது. மலைச்சரிவுகளில் கூரிய கற்கள் குவிந்து கிடப்பது இதனாலேயே. சமவெளிகளில் அந்த வேலையை மரத்தின் வேர்கள் செய்கின்றன. கோட்டைச் சுவரிலும் கோயில் மதிலிலும் முளைத்த அரசமரக் கன்று சில ஆண்டுகளில் கற்களை நெக்கு விடச் செய்வதை எல்லோரும் கண்டிருப்பர்.

பாறை உடைவதனால் மட்டும் மண் உண்டாவதில்லை. உடைந்த கல் சிறிய கல்லே தவிர மண் அன்று. ஆனால் உடைதல் அடுத்த செயலுக்கு வழி திறந்து விடுகிறது. பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள கனசதுரக் கல்லின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டராகும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெட்டினால் அது 6 சதுர மீட்டராகிவிடும். கல்லின் எடை மாறவில்லை. நீரும் காற்றும் தாக்குவதற்கான இடம் மட்டும் பதினாயிரம் மடங்கு பெருகிவிட்டது.

பாறை மாறுவது

மழைநீர் தூய நீர் அன்று. காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வருவதால் அது ஒரு மெல்லிய அமிலமாகும். காற்றில் இவ்வாயு பதினாயிரத்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல் உள்ளது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிப்பதால் மண் இடுக்குகளிலுள்ள காற்றில் இது பத்து முதல் நூறு மடங்கு வரை மிகுந்திருக்கும். ஆகவே மண்ணின் ஊடே இறங்கும் நீர் பாறையை அடையும்போது அதன் கூர்மை மிகுந்துவிடுகிறது. வெறுமையாக நிற்கும் பாறையைவிட ஈர மண் போர்த்திய பாறை விரைவில் சிதைவதன் இரகசியம் இதுவே.

இந்த நீர் எல்லாத் தாதுக்களையும் ஒரே வகையாகத் தாக்குவதில்லை. கருங்கல்லில் பெல்ஸ்பார், அப்பிரகம், குவார்ட்ஸ் எனும் படிகக் கல் ஆகியவை கலந்துள்ளன. பெல்ஸ்பார் நீருடன் வினைப்பட்டு, தன்னிடமுள்ள பொட்டாசியம், சோடியம், கால்சியம் முதலியவற்றையும் சிலிக்காவில் ஒரு பகுதியையும் இழந்து களிமண்ணாக மாறுகிறது. கருநிற அப்பிரகத்திலுள்ள இரும்பு பிராணவாயுவுடன் கூடித் துருவாகி மண்ணுக்குச் செந்நிறம் அளிக்கிறது. குவார்ட்ஸ் மட்டும் ஏறக்குறைய மாறாமல் மணலாகத் தங்குகிறது. செம்மண்ணைக் கையில் எடுத்துத் தேய்த்தால் விரலில் நறநறவென உறுத்துவது அக்குவார்ட்ஸ் மணலே. விரலில் ஒட்டும் பசை பெல்ஸ்பாரிலிருந்து வந்த களி. சாயம் இரும்பின் துரு.

தாதுக்கள் சிதையும் வரிசையை 1938-ஆம் ஆண்டில் சாமுவேல் கோல்டிச் என்பவர் வகுத்தளித்தார். பூமிக்குள் மிகுந்த வெப்பத்தில் முதலில் படிகமாகும் ஆலிவின், ஆகைட் போன்றவை முதலில் சிதைகின்றன. இறுதியில் படிகமாகும் குவார்ட்ஸ் இறுதிவரை நிற்கிறது. தாதுக்கள் பிறந்த சூழ்நிலைக்கும் மேற்பரப்பின் சூழ்நிலைக்கும் வேற்றுமை எவ்வளவு மிகுதியோ அவ்வளவு விரைவில் அவை நிலைகுலைகின்றன.

இரசாயனச் சிதைவு விரிசல்கள் வழியே உட்புகுகிறது. சதுரமாக வெடித்த பாறைத் துண்டின் மூலைகளை மூன்று பக்கங்களிலிருந்தும், விளிம்புகளை இரண்டு பக்கங்களிலிருந்தும், முகங்களை ஒரே பக்கத்திலிருந்தும் நீர் தாக்குகிறது. எனவே மூலைகள் முதலில் மழுங்கிக் கல் உருண்டையாகிறது. வெங்காயத் தோல் போல் அடுக்கடுக்காக உரிகிறது. சுற்றியுள்ள இளகிய பொருளை மழை அரித்துச் சென்ற பின் உருண்டைக் கற்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஹம்பியிலும் ஹைதராபாத்தின் சுற்றுப்புறங்களிலும் யாரோ அடுக்கி வைத்தாற்போல் காணும் பாறைகள் இவ்வாறு எஞ்சியவையே.

உயிர்களின் பங்கு

வெறும் பாறையில் முதலில் குடியேறுபவை பாறைப் பாசிகள். பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் இவை அமிலங்களைச் சுரந்து கல்லின் மேற்பரப்பைப் பொறிக்கின்றன. காற்றில் வரும் தூசியையும் தம் சருகையும் சேர்த்து வைக்கின்றன. அந்தச் சிறு படலத்தில் புற்கள் வேர் ஊன்றுகின்றன. புற்களைத் தொடர்ந்து புதர்கள் வருகின்றன. இலையும் வேரும் மக்கியபின் கறுத்த அங்ககப் பொருள் களியுடன் கூடி மண்ணைத் துகள் திரளாக்குகிறது. இவ்வாறு திரண்ட பின்னரே காற்றும் நீரும் புகுந்து தங்கும் அமைப்பு மண்ணுக்கு வருகிறது. பாறைத்தூள் மண்ணாகும் கட்டம் இதுவே.

மண்புழுக்களின் தொண்டினை முதன்முதலில் அளந்து கூறியவர் சார்லஸ் டார்வின். 1881-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இங்கிலாந்தின் பல நிலங்களில் ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் மண்புழுக்களின் குடல் வழியே மேலே கொண்டு வரப்படுகிறது என்று அவர் கணக்கிட்டார். நம் நாட்டின் வறண்ட செம்மண் நிலங்களில் இவ்வேலையில் பெரும் பங்கு கறையான்களுடையது. அவை ஆழத்திலிருந்து நுண்ணிய களியை மேலே கொண்டு வந்து புற்றுக்களை எழுப்புகின்றன. புற்று மண்ணை உழவர் வயலுக்கு இடும் வழக்கம் இவ்வுண்மையை அனுபவத்தால் அறிந்ததன் விளைவாகும்.

ஒரு பாறை, இரு மண்

பாறையின் தன்மை மண்ணின் தன்மையை முற்றிலும் தீர்மானிப்பதில்லை என்பதற்குத் தக்காணத்தைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமியின் பிளவுகளிலிருந்து வெளிப்பட்ட எரிமலைக் குழம்பு, படலம் படலமாகப் பரந்து உறைந்தது. இன்று மகாராஷ்டிரத்தின் பெரும் பகுதியும், மத்தியப் பிரதேசம், குஜராத், கர்நாடகம், தெலங்கானா ஆகியவற்றின் பகுதிகளும் அப்பாறையின்மேல் அமைந்துள்ளன. அதன் பரப்பு ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர். இப்பாறைக்குப் பஸால்ட் என்று பெயர். பெல்ஸ்பாரும் ஆகைட்டும் இரும்புத் தாதுக்களும் நிறைந்த இதில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. எனவே இது சிதையும்போது மணல் எஞ்சுவது அரிது. ஏறக்குறைய முழுவதும் களியாகிவிடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில், கடல் மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டர் அளவில் அமைந்த மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அங்கே பஸால்ட்டின்மேல் தொப்பி போலக் கவிந்திருப்பது செந்நிறச் செம்புரைக்கல். அங்கிருந்து கிழக்கே சுமார் 240 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சோலாப்பூரில் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டரே. அங்கும் அடியிலுள்ளது அதே பஸால்ட். ஆனால் மேலே இருப்பது கரிசல் மண்.

இவ்வேறுபாட்டின் காரணத்தை நீரின் வழியே அறியலாம். மலை விளிம்பில் பெய்யும் பெருமழை பாறையினூடே இறங்கித் தங்காமல் வடிந்துவிடுகிறது. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை கரைந்து முதலில் வெளியேறுகின்றன. அடுத்துச் சிலிக்காவும் கரைந்து போகிறது. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் மட்டும் பின்தங்கிச் செறிகின்றன. இச்செயல் பல இலட்சம் ஆண்டுகள் தொடர்ந்ததன் பயனே செம்புரைக்கல். இரும்பைவிட அலுமினியம் மிகுந்து நின்ற இடங்களில் அது பாக்ஸைட் என்னும் அலுமினியத் தாதுவாகிவிடுகிறது. கொல்ஹாப்பூர் மாவட்டத்தின் மலைமேடுகளில் இதனைக் காணலாம்.

மழை குறைந்த கிழக்குப் பகுதியிலோ கரைந்த பொருள்களை அடித்துச் செல்லப் போதிய நீர் இல்லை. கால்சியமும் மக்னீசியமும் சிலிக்காவும் மண்ணிலேயே தங்கி, அலுமினியத்துடன் கூடி, ஸ்மெக்டைட் என்னும் வகைக் களியாக உருவெடுக்கின்றன. இக்களியின் நுண்ணிய தகடுகளுக்கிடையே நீர் புகுந்தால் அது உப்பும். நீர் நீங்கினால் சுருங்கும். கோடையில் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடிப்பதும், முதல் மழையில் அவ்வெடிப்புக்கள் மூடிக்கொள்வதும் இதனாலேயே. வெடிப்பினுள் மேல்மண் உதிர்ந்து விழுந்து அடிமண்ணுடன் கலப்பதால், இந்நிலம் தன்னைத் தானே உழுதுகொள்வது என்பர். மிஞ்சிய சுண்ணாம்பு அடியில் சுக்கான் கற்களாகத் திரள்கிறது. கரிசலின் கருநிறத்தைக் கண்டு அதில் மக்கு மிகுதி என்று கருதுதல் தவறு. பல கரிசல் நிலங்களில் அங்ககக் கரி ஒரு சதவிகிதத்தையும் எட்டுவதில்லை. சிறிதளவு மக்கு அக்களியுடன் இறுகப் பிணைந்திருப்பதே நிறத்துக்குக் காரணமெனக் கூறப்படுகிறது.

செம்புரைக்கல்லை உலகுக்கு அறிமுகம் செய்த பெருமையும் தென்னிந்தியாவைச் சார்ந்ததே. 1800, 1801-ஆம் ஆண்டுகளில் மைசூர், கன்னடம், மலையாளம் ஆகிய நாடுகளில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், மலபாரில் அங்காடிப்புரம் என்னுமிடத்தில் மக்கள் நிலத்திலிருந்து மெதுவான கல்லை வெட்டி எடுத்து, காற்றில் உலர்த்தி இறுகச் செய்து வீடு கட்டுவதைக் கண்டார். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'லாட்டரைட்' என்ற பெயரை அதற்கு வழங்கி, 1807-இல் தம் நூலில் வெளியிட்டார். மலையாளத்தில் 'வெட்டுக்கல்' எனப்படும் அதற்கு அங்காடிப்புரத்தில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை நினைவுச் சின்னம் நிறுவியுள்ளது.

கருங்கல்லின் மேலும் கரிசல்

ஒரே பாறை இரு மண்ணாகும் எனின், இரு பாறைகள் ஒரே வகை மண்ணாகவும் கூடும். கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரங்களின் கரிசல் பஸால்ட்டிலிருந்து வந்ததன்று. அங்கே அடியில் உள்ளவை நைஸ் எனப்படும் வரிக் கருங்கல் போன்ற பழம்பாறைகள். அத்தகைய பாறையிலிருந்து மேட்டில் செம்மண் உண்டாகிறது. மேட்டிலிருந்து வடிந்த நீர் கால்சியம், மக்னீசியம் முதலியவற்றைத் தாழ்ந்த நிலத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. அங்கு வடிகால் குறைவு, வெப்பம் மிகுதி. ஆகவே தாழ்வில் ஸ்மெக்டைட் களி உருவாகிக் கரிசல் பிறக்கிறது. ஒரே சரிவில் மேலே செம்மண்ணும் கீழே கரிசலும் அமைவது தீபகற்பத்தில் பல இடங்களில் காணும் காட்சியாகும்.

மண் என்பது பாறையின் வெறும் தூள் அன்று, தட்பவெப்பமும் உயிர்களும் நிலத்தின் மேடுபள்ளமும் காலமும் சேர்ந்து பாறையின்மேல் உண்டாக்கும் தனிப்பொருள் என்பதை 1883-இல் ரஷ்ய நாட்டுக் கரும்மண்ணைப் பற்றிய நூலில் வாசிலி டொக்குச்சாயெவ் நிலைநாட்டினார். 1941-இல் ஹான்ஸ் ஜென்னி இவ்வைந்து காரணங்களையும் ஒழுங்குபடுத்தி மண்ணூலுக்கு அடிப்படையாக்கினார். பாறை, தட்பவெப்பம், உயிர்கள், மேடுபள்ளம், காலம் என்னும் ஐந்தையும் மனத்திற் கொண்டு நோக்குபவருக்கு எந்த வயலும் தன் வரலாற்றைக் கூறிவிடும்.

அடுக்குகளைப் படிப்பது

புதிதாக வெட்டிய கிணற்றின் பக்கச் சுவரோ, சாலைக்காக வெட்டிய மேடோ இதற்கு ஏற்ற ஏடாகும். மேலே வேர்களும் மக்கும் கலந்து சற்றுக் கருத்திருப்பது மேல்மண். அதன் கீழ், மேலிருந்து கழுவப்பட்ட களியும் இரும்பும் தங்கிய அடிமண்; இது இறுக்கமாகவும் நிறம் அழுத்தமாகவும் இருக்கும். அதற்கும் கீழே பாறையின் உருவம் மாறாமல், ஆனால் கையால் நொறுக்கத்தக்கதாய் இளகிய முரம்பு. மகாராஷ்டிரத்தில் இதனை 'முரும்' என்பர். இறுதியில் உறுதியான பாறை. பாறையிலிருந்து மேல்மண் வரை நிகழ்ந்த மாறுதலின் படிகள் அனைத்தும் அச்சுவரில் ஒருங்கே தெரியும்.

கங்கைச் சமவெளியில் தோண்டினால் இத்தகைய வரிசை கிட்டாது. அங்கே எவ்வளவு ஆழம் சென்றாலும் வண்டலே வரும். இமயத்தின் பாறைகள் சிதைந்து, ஆறுகளால் அரிக்கப்பட்டு, இங்கே படிந்தவை அவை. கங்கையும் பிரம்மபுத்திரையும் சேர்ந்து ஆண்டுதோறும் சுமக்கும் வண்டல் சுமார் 100 கோடி டன் எனக் கணிக்கப்படுகிறது. வெள்ளத்தால் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் தாழ்நிலத்தைக் 'காதர்' என்றும், வெள்ளம் எட்டாத பழைய வண்டல் மேட்டைப் 'பாங்கர்' என்றும் அங்குள்ள மக்கள் வழங்குகின்றனர். பாங்கர் நிலத்தில் சுக்கான் கற்கள் திரண்டிருப்பது, அது படிந்து நெடுங்காலம் ஆயிற்று என்பதற்கு அடையாளம். மலையின் இழப்பே சமவெளியின் செல்வமாயிற்று. அரிப்பு எல்லா இடத்தும் தீமை அன்று என்பதும் இதனால் விளங்கும்.

வரவும் செலவும்

எனினும், மண் உருவாகும் வேகத்தையும் அது இழக்கப்படும் வேகத்தையும் கணக்கிட்டுப் பார்த்தால் கவலை உண்டாகாமல் இராது. கடினப் பாறையின்மேல் ஒரு சென்டிமீட்டர் மண் உருவாகப் பொதுவாக நூறு முதல் ஆயிரம் ஆண்டுகள் வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் ஆகும். 200 ஆண்டுகளில் ஒரு சென்டிமீட்டர் என்று தாராளமாகவே கொள்வோம். அப்போது ஓராண்டின் வரவு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மண் என்பது 10 கன மீட்டர். எடையில் சுமார் 13 டன். ஆகவே ஆண்டு வரவு ஹெக்டேருக்கு முக்கால் டன்னுக்கும் குறைவு.

செலவின் கணக்கு வேறு. 1983-ஆம் ஆண்டில் துருவ நாராயணாவும் ராம்பாபுவும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் நீர் அரிப்பினால் ஆண்டுக்கு 533 கோடி டன் மண், அதாவது சராசரி ஹெக்டேருக்கு 16.35 டன், பெயர்கிறது. அதில் ஏறத்தாழ 29 சதவிகிதம் கடலுக்குப் போகிறது. 10 சதவிகிதம் நீர்த்தேக்கங்களில் படிகிறது. மீதி 61 சதவிகிதம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாறுகிறது. ஹெக்டேருக்கு 16 டன் என்பது ஒன்றேகால் மில்லிமீட்டர் கனம். கண்ணுக்குத் தெரியாத அளவே. ஆயினும் எட்டு ஆண்டுகளில் அது ஒரு சென்டிமீட்டராகிறது. வரவைப்போல் இருபத்தைந்து மடங்கு செலவு செய்யும் குடும்பத்தின் நிலையே அந்நிலத்தின் நிலையாகும். சராசரிக் கணக்கு இது. மரம் அழிந்த செங்குத்துச் சரிவுகளில் இழப்பு இதனினும் பன்மடங்கு.

இவ்வரிப்பின் தொடக்கம் மழைத்துளியில் உள்ளது. பெருமழையின் பெரிய துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. மூடாத மண்ணில் அது மோதும்போது மண்திரள் சிதறி, நுண்ணிய களி கலங்கி, மண்ணின் துளைகளை அடைத்து ஓர் ஏடு போலப் படிகிறது. அதன்பின் நீர் உள்ளே இறங்க வழியின்றி மேலே ஓடத் தொடங்குகிறது. முதலில் படலமாகவும், பின்பு சிறு வாய்க்கால்களாகவும், இறுதியில் ஓடைகளாகவும் அது அரிக்கிறது. சம்பல் ஆற்றங்கரையின் பெரும் பள்ளங்கள் இவ்வாறு தொடங்கியவையே. முதலில் போவது மிக நுண்ணிய களியும் மக்கும். அதாவது மண்ணின் உரம் முழுவதும் தங்கிய பகுதி. பின்தங்குவது மணலும் கல்லும். ஆகவே மண்ணின் கனம் சிறிதே குறைந்தபோதும் விளைச்சல் பெரிதும் குறைந்துவிடுகிறது.

இழப்பைத் தடுக்க இயலும் என்பதற்குச் சண்டீகருக்கு அருகிலுள்ள சுக்கோமாஜ்ரி கிராமம் சான்று. 1958-இல் அமைக்கப்பட்ட சுக்னா ஏரி, சிவாலிக் குன்றுகளிலிருந்து வந்த வண்டலால் விரைந்து தூர்ந்து வந்தது. மென்மையான மணற்பாறையாலும் களிப்பாறையாலும் ஆன அக்குன்றுகளில் கால்நடைகள் மேய்ந்து புல்லும் புதரும் அழிந்திருந்தன. 1970-களின் பிற்பகுதியில், மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் சண்டீகர் மையத்தைச் சேர்ந்த பி. ஆர். மிஸ்ரா முதலியோரின் முயற்சியால் அங்கே சிறு மண் அணைகள் கட்டப்பட்டன. தேங்கிய நீர் கிராமத்தின் வயல்களுக்குக் கிடைத்தது. நீரில் பங்கு பெற்ற மக்கள், குன்றில் கால்நடைகளைத் திறந்துவிடுவதைத் தாமாகவே கைவிட்டனர். புல் தழைத்தது, ஏரிக்கு வந்த வண்டலும் பெரிதும் குறைந்தது. வேலி இட்டுக் காக்க முடியாததை மக்களின் நலன் காத்தது.

களப் பணியாளர் கவனத்துக்கு

மண்ணின் பிறப்பை அறிந்தே பாதுகாப்பு முறையைத் தேர்தல் வேண்டும். மணற்பாங்கான செம்மண் நீரை விரைவில் உட்கொள்ளும்; ஆனால் மேலே ஏடு படிந்துவிட்டால் ஓடவிடும். அதில் சம உயர வரப்புக்களும், மேற்பரப்பைச் சருகால் மூடுதலும், உழவைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்தலும் நற்பயன் தரும். ஆழமான கரிசலில் அதே சம உயர வரப்பு தீங்காக முடியலாம். களி உப்பியபின் நீர் இறங்காது. வரப்பின் பின்னே தேங்கிப் பயிரை அழுகச் செய்யும். கோடையில் வரப்பே வெடித்து, முதல் மழையில் உடைந்து போகும். இத்தகைய அனுபவம் தக்காணத்தில் பலமுறை நேர்ந்துள்ளது. ஆகவே அங்கு மிகுநீர் மெதுவாக வெளியேறும்படி சிறு வாட்டம் கொடுத்த வரப்புக்களும், புல் வளர்த்த வடிகால்களும், ஹைதராபாத்துக்கு அருகில் பட்டன்செருவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் பரப்பிய அகன்ற மேட்டுப்பாத்தியும் சாலும் கொண்ட அமைப்பும் பொருந்தும்.

முரம்பின்மேல் ஒரு சாண் மண்ணே உள்ள நிலத்தில் வரப்புக்காகவும் சமன் செய்வதற்காகவும் மேல்மண்ணை வாரி அடிமண்ணை வெளிப்படுத்துதல் பெருந்தவறு. சமன் செய்தல் தவிர்க்க முடியாததாயின், மேல்மண்ணை முதலில் ஒருபுறம் ஒதுக்கி வைத்து, வேலை முடிந்தபின் மீண்டும் பரப்புதல் வேண்டும்.

ஆசிரியர் செய்து காட்டத் தக்கவை

அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி நீரும் இட்டு, நன்கு குலுக்கி அசையாமல் வைக்கவும். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களி மறுநாளும் கலங்கியே நிற்கும். ஓடும் வெள்ளம் முதலில் எதைக் கொண்டு செல்லும் என்பதை மாணவர் தாமே கூறிவிடுவர்.

ஒரே அளவுள்ள இரு தீப்பெட்டித் தட்டுக்களில் கரிசல் சேற்றையும் செம்மண் சேற்றையும் வழித்து நிரப்பி நிழலில் உலர விடவும். ஒவ்வொன்றும் ஓரத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதை அளந்தால் இரு களிகளின் தன்மை விளங்கும்.

சுக்கான் கல்லைப் பொடித்து அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஊற்றினால் சிறு குமிழ்கள் எழும். சாதாரணக் கருங்கல் பொடியில் எழா. அமிலம் எல்லாக் கல்லையும் ஒரே வேகத்தில் தாக்குவதில்லை என்பதற்கு இது சான்று.

வெள்ளைத்தாள் ஒட்டிய இரு பலகைகளை நட்டு வைக்கவும்: ஒன்று வெறும் நிலத்தில், மற்றொன்று சருகு மூடிய நிலத்தில். நல்ல மழை ஒன்று பெய்தபின் இரண்டிலும் மண் தெறித்த உயரத்தை அளக்கவும். மழைத்துளியின் வலிமையையும், ஒரு பிடி சருகின் பயனையும் இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு கருவி வேண்டுவதில்லை.

பாறையை மண்ணாக்கும் ஆற்றல் மழைக்கும் வேருக்கும் காலத்துக்கும் உரியது. அதனை விரைவுபடுத்த மனிதனால் பெரிதும் இயலாது. உண்டான மண்ணை உண்டான இடத்தில் நிறுத்துவது மட்டுமே அவன் கையில் உள்ளது. ஓடும் நீரின் கலங்கல் எந்த வயலிலிருந்து வருகிறது என்பதை ஒவ்வொரு மழைக்குப் பின்னும் சென்று பார்ப்பதே அப்பணியின் தொடக்கமாகும்.